பணியிடத்தில் கால்விரல் நசுங்கினால்: செட்டிநாட்டுத் தொழிலாளர்களும் முதலாளிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆத்தங்குடிக் கல் (கையால் செய்யும் தரை ஓடு) பட்டறை, புதுவயல் அரிசி ஆலை, காரைக்குடி மர அறுவை ஆலை, பழைய வீடு பிரித்த தூண்களும் நிலைக்கதவுகளும் விற்கும் கடை, கல்யாணச் சமையல் கூடம் எனச் செட்டிநாட்டின் எந்தப் பணியிடத்தை எடுத்துக்கொண்டாலும், கனமான பொருளைக் கையால் தூக்கி நகர்த்தி இறக்கும் வேலை அங்கே அன்றாடம் உண்டு. அந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடனோ ரப்பர் செருப்புடனோ நிற்கிறார்கள். கையில் அடிபட்டால் பதறுகிற நாம், கால்விரலில் அடிபட்டால் 'துணியைச் சுற்றிக்கொள், சாயங்காலம் பார்க்கலாம்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சாயங்காலத்துக்குள் விரலும் கெட்டுப்போகிறது, பின்னால் இழப்பீடு கேட்பதற்கு வேண்டிய சான்றும் கைநழுவிப் போகிறது. அதனால்தான் மருத்துவக் கேள்விகளுக்கும் சட்டக் கேள்விகளுக்கும் ஒரே இடத்தில் விடை தரப்பட்டுள்ளது.

எப்படிப்பட்ட கால்விரல் காயத்தைக் கடுமையானது என்று கொள்ள வேண்டும்?

விரல் வளைந்தோ திரும்பியோ காணப்பட்டால், நகத்தைச் சுற்றித் தோல் கிழிந்து இரத்தம் வந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், விரல் நுனி வெளுத்தோ நீலம் பாரித்தோ சில்லிட்டுப்போனால், தொட்டால் உணர்வு இல்லையென்றால், பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்கவில்லையென்றால் அது கடுமையான காயமே. இவற்றில் ஒன்று இருந்தாலும் வேலை முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

நகம் பெயர்ந்து அதன் அடியிலுள்ள சதை கிழிந்திருப்பதைப் பலர் வெறும் நகக்காயமாக நினைக்கிறார்கள். நகத்துக்கு நேர் கீழே இருப்பது விரலின் கடைசி எலும்பு. இடையில் மெல்லிய நகப்படுகை மட்டுமே உண்டு. அந்தப் படுகை கிழிந்து, அடியிலுள்ள எலும்பும் முறிந்திருந்தால், மருத்துவக் கணக்கில் அது திறந்த எலும்பு முறிவு. அழுக்கு நேராக எலும்பைச் சென்று சேர்ந்து, எலும்பிலேயே சீழ் பிடிக்கும் நிலை வரலாம். அப்படி வந்தபின் அதை ஆற்றுவதற்கு வாரக்கணக்கில் மருந்து வேண்டியிருக்கும்.

மற்ற விரல்களை விடப் பெருவிரலுக்கு ஏன் அதிக மதிப்பு?

ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் உடல் எடையைக் கடைசியாகத் தாங்கி, பாதத்தை முன்னே உந்தித் தள்ளுவது பெருவிரல். மற்ற விரல்களில் மும்மூன்று எலும்புகள் இருக்க, பெருவிரலில் இரண்டே, ஆனால் தடித்தவை. அது போய்விட்டால் நடக்க முடியாமல் போகாது. எனினும் ஏணி ஏறுவதும், குந்தி எழுவதும், மூட்டையைச் சுமந்துகொண்டு பலகையில் ஏறுவதும் முன்போல இராது. எடை அடுத்த விரல்களின் அடிப்பகுதிக்கு மாறுவதால் அங்கே காய்ப்பும் வலியும் வரும். சட்டமும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைப் பின்னால் தரப்பட்டுள்ள சதவீதங்களில் காணலாம்.

நம் பகுதித் தொழில்களில் இந்தக் காயங்கள் எப்படி நேர்கின்றன?

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வழக்கமான விபத்து இருக்கிறது. ஆத்தங்குடிக் கல் செய்யும் இடத்தில் கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அச்சின் வழியே வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு நிரவி, பின்னர் கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிப் பதப்படுத்துகிறார்கள். ஒரு சதுர அடிக் கல், முக்கால் அங்குலக் கனத்தில், ஏறத்தாழ 4 கிலோ எடை இருக்கும். தொட்டியிலிருந்து ஈரக் கையோடு எடுக்கும் கல் வழுக்கி விழும்போது தட்டையாக விழுவதில்லை. மூலை முதலில் இறங்குகிறது. முழு எடையும் அந்த ஒரு மூலையில் குவிந்து வெறுங்கால் விரலின் மேல் விழுவதால், 4 கிலோதானே என்று எண்ணுவதற்கு இடமில்லை.

பழைய வீடுகளைப் பிரிக்கும் இடங்களிலும், பிரித்த பொருள்களை விற்கும் கடைகளிலும் நிலைமை இன்னும் கடுமையானது. பர்மா தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. கருங்கல் ஒரு கன அடி 75 கிலோவுக்கு மேல். ஓரடிக்கு ஓரடி அகலமும் எட்டடி உயரமும் உள்ள கல்தூண் ஒன்றின் எடை 600 கிலோவைத் தொடும். அதை லாரியிலிருந்து இறக்கும்போது நான்கு பேர் கடப்பாரையால் நெம்ப, ஒருவர் அடியில் உருளையோ கட்டையோ செருகுகிறார். நெம்புபவர் ஒரு நொடி தளர்ந்தால், கட்டை செருகுபவரின் விரல்தான் அடியில் இருக்கும். தூணை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உருட்டும்போது உருளையை முன்னால் எடுத்துப் போடுபவருக்கும் இதே ஆபத்து உண்டு. அனுபவம் மிகுந்தவர்களே இதில் மாட்டிக்கொள்கிறார்கள், ஏனென்றால் கல்லுக்கு மிக அருகில் நிற்கும் அந்த இடம் எப்போதும் அவர்களிடமே ஒப்படைக்கப்படுகிறது.

அரிசி ஆலையில் 60 கிலோ, 75 கிலோ நெல்மூட்டை சரிவதும், தள்ளுவண்டியின் சக்கரம் விரலில் ஏறுவதும் வழக்கம். அறுவை ஆலையில் உருளும் மரம். வண்டிப் பட்டறையில் ஜாக்கியிலிருந்து நழுவும் சக்கரம். சமையல் கூடத்தில் கொதிக்கும் அண்டாவை இருவர் தூக்கும்போது ஒருவர் கைப்பிடி நழுவவிடுவது. சமையல் கூடத்து விபத்தில் நசுங்கலும் தீக்காயமும் ஒன்றாக வருகின்றன என்பதால் அதைத் தனியாகவே கவனிக்க வேண்டும்.

விபத்து நடந்த உடன் செய்ய வேண்டியது என்ன?

முதலில் எந்திரத்தை நிறுத்த வேண்டும். கனமான பொருள் காலின் மேல் இருந்தால் காலை இழுக்கக் கூடாது. பொருளைத் தூக்கிய பிறகே காலை எடுக்க வேண்டும். இழுத்தால் நசுங்கிய தோல் உறைபோல உரிந்து வந்துவிடும்.

அடுத்து, காலில் உள்ள மெட்டியைக் கழற்ற வேண்டும். கல் பட்டறைகளிலும் ஆலைகளிலும் வேலை செய்யும் பெண்கள் பெரும்பாலும் இரண்டாம் விரலில் மெட்டி அணிந்திருப்பார்கள். அடிபட்ட விரல் அரைமணி நேரத்துக்குள் வீங்கத் தொடங்கும். வீங்கியபின் மெட்டி இரத்த ஓட்டத்தை நெரித்து, காயத்தால் கெடாத விரலையும் கெடுத்துவிடும். மெட்டி இருக்கும் விரலில் அடிபடாமல் பக்கத்து விரலில் அடிபட்டிருந்தாலும் கழற்ற வேண்டும், ஏனெனில் வீக்கம் பாதம் முழுவதும் பரவும். கழற்றத் தயங்குகிறவர்களிடம் பக்கத்தில் இருக்கும் மூத்த பெண் ஒருவர் எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கழற்ற வராவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம்; அதற்கும் வராவிட்டால் மருத்துவமனையில் மெட்டியை வெட்டி எடுத்துவிடுவார்கள், விரலைக் காப்பாற்ற அதுவே போதும்.

பிறகு சுத்தமான ஓடும் நீரால் காயத்தை நன்றாகக் கழுவ வேண்டும். சிமெண்ட் பட்டிருந்தால் கூடுதலாகக் கழுவ வேண்டும், ஏனெனில் ஈரச் சிமெண்ட் காரத்தன்மை உடையது. புண்ணில் தங்கினால் சதையை அரிக்கும். கழுவிய பின் சுத்தமான துணியை வைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் இடைவிடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று அடிக்கடி துணியை எடுத்துப் பார்த்தால் உறையத் தொடங்கிய இரத்தம் மறுபடியும் பெருகும். ஆளைப் படுக்க வைத்துக் காலை மார்புக்கு மேலாக உயர்த்தி வைக்கலாம். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றிக் காயத்தின் ஓரத்தில் பதினைந்து நிமிடம் வைக்கலாம். நேராகத் தோலில் வைக்கக் கூடாது. குத்தி நிற்கும் ஆணியையோ கண்ணாடித் துண்டையோ பிடுங்க வேண்டாம். அது அசையாதபடி சுற்றித் துணி வைத்து அப்படியே அழைத்துச் செல்ல வேண்டும்.

காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு வைக்கலாமா?

வைக்கக் கூடாது. இவை எதுவும் கிருமியற்ற பொருள் அல்ல. மருத்துவர் தைப்பதற்கு முன் ஒவ்வொரு துகளையும் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலியையும் தொழிலாளியே தாங்க வேண்டும். வீட்டில் காய்கறி நறுக்கும்போது பட்ட கீறலுக்குப் பாட்டி மஞ்சள் வைத்ததையும், எலும்புவரை போன நசுங்கலையும் ஒன்றாக வைத்துப் பார்க்கக் கூடாது. மண்ணெண்ணெய், புகையிலை ஆகியவற்றுக்கும் இதே விடைதான்.

விரல் துண்டாகிவிட்டால் அதை எப்படி எடுத்துச் செல்வது?

துண்டான விரலைச் சுத்தமான நீரில் மெதுவாக அலசி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்ட வேண்டும். அந்தப் பையைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ பாத்திரத்திலோ வைக்க வேண்டும். விரலை நேராகப் பனிக்கட்டியில் போட்டால் உறைந்து வீணாகிவிடும். தண்ணீரில் மிதக்கவிட்டாலும் ஊறிக் கெடும்.

எதிர்பார்ப்பையும் இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். கைவிரலை ஒட்டவைப்பதுபோலக் கால்விரலை ஒட்டவைக்கும் அறுவை சிகிச்சை அரிதாகவே செய்யப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் பெருவிரலுக்கு, கூரிய பொருளால் சீராக வெட்டுப்பட்ட நிலையில் மட்டுமே கருதப்படுகிறது. கல்லோ மரமோ விழுந்து நசுங்கித் துண்டான விரலில் இரத்தக் குழாய்களும் நசுங்கியிருப்பதால் ஒட்டுவதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு. ஆனாலும் எடுத்துச் செல்ல வேண்டும். அந்த விரலின் தோலைக் கொண்டு காயத்தை மூடுவதற்குச் சில வேளைகளில் முடிகிறது. அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பட்டறையிலேயே தூக்கி எறிந்துவிட்டால் அந்த வாய்ப்பும் இல்லை.

எங்கே அழைத்துச் செல்ல வேண்டும்?

108 வண்டியை அழைப்பதே முதல் வேலை. எக்ஸ்ரே எடுக்கும் வசதியும் அறுவை சிகிச்சைக் கூடமும் உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். காரைக்குடி அரசு மருத்துவமனையில் முதல் சிகிச்சை பெற்று, தேவையானால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ அனுப்பப்படுவது வழக்கமான வழி. மதுரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காயத்தைக் கழுவிக் கட்டுப்போடாமலும் கிருமி எதிர்ப்பு மருந்து தொடங்காமலும் அவ்வளவு தூரம் நேராகக் கிளம்புவது சரியல்ல. திறந்த எலும்பு முறிவில் அந்த மருந்தை எவ்வளவு விரைவில் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குச் சீழ் பிடிக்கும் ஆபத்து குறைகிறது.

எந்த மருத்துவமனைக்குப் போனாலும், 'வேலை செய்யும் இடத்தில், இந்த நேரத்தில், இந்தப் பொருள் விழுந்து அடிபட்டது' என்று சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வீட்டில் கல் தடுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் அந்த ஒரு வரியே பின்னால் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதன் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

விரலை அசைக்க முடிகிறது. அப்படியென்றால் எலும்பு முறியவில்லை என்றுதானே பொருள்?

இல்லை. முறிந்த விரலையும் அசைக்க முடியும், முறிந்த விரலோடு நடக்கவும் முடியும். விரலை அசைக்கும் தசைநாண்கள் முறிவு இருந்தாலும் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். எக்ஸ்ரே ஒன்றே இதற்கு விடை. நேராகவும் பக்கவாட்டிலும் சாய்வாகவும் படம் எடுத்தால்தான் சிறு முறிவும் மூட்டுக்குள் போன முறிவும் தெரியும்.

சிறு விரல்களில் இடம் பெயராத முறிவென்றால், இரண்டு விரல்களுக்கு நடுவில் பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, அடிப்பாகம் வளையாத காலணி தருவார்கள். நான்கு முதல் ஆறு வாரத்தில் கூடிவிடும். பெருவிரல் முறிவுக்கும், மூட்டுக்குள் சென்ற முறிவுக்கும், இடம் பெயர்ந்த முறிவுக்கும் கம்பி வைத்து நிலைநிறுத்த வேண்டியிருக்கலாம்.

நகம் கறுத்துப்போய் விண்விண்ணென்று தெறிக்கிறது. ஊசியைச் சுட்டுக் குத்தலாமா?

நகத்தின் அடியில் தேங்கிய இரத்தம் வெளியே வர வழியில்லாமல் அழுத்துவதால் அந்தத் தெறிப்பு. அதை வெளியேற்றினால் உடனே வலி குறையும் என்பது உண்மைதான். முதல் ஓரிரு நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். ஆனால் அடியில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று தெரியாமல் வீட்டில் ஊசியால் துளைப்பது, மூடியிருந்த முறிவுக்கு வெளியிலிருந்து வாசல் திறப்பதாகிவிடும். மருத்துவமனையில் செய்துகொள்ள வேண்டும். நகம் விழுந்தால் மீண்டும் முழுதாக வளர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை ஆகும்.

டெட்டனஸ் ஊசி எப்போது வேண்டும்?

மண், சாணம், துரு, மரத்தூள் கலந்த காயத்துக்கு, கடைசியாக ஊசி போட்டு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ள வேண்டும். இதுவரை முறையாகப் போட்டதே இல்லையென்றாலும், எப்போது போட்டோம் என்று நினைவில்லை என்றாலும் மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். தடுப்பூசியோடு உடனடிப் பாதுகாப்பு தரும் இன்னோர் ஊசியும் தேவைப்படலாம்.

மரம் பிரிக்கும்போது பழைய ஆணி செருப்பைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. இரத்தமே வரவில்லை; பயப்பட வேண்டுமா?

இரத்தம் வராத குத்துக்காயமே அதிகக் கவனத்துக்கு உரியது. மேலே ஒரு புள்ளியாகத் தெரியும். உள்ளே மூட்டுவரை போயிருக்கும். செருப்பின் ரப்பர் துணுக்கும் ஆணியோடு உள்ளே சென்று தங்கிவிடுவதுண்டு, ரப்பர் அடிப்பாகத்தில் வாழும் சில கிருமிகள் எலும்பைத் தாக்கக்கூடியவை. இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினால், சிவப்பும் சூடும் பரவினால், அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிரித்த மரத்தில் ஆணியை அங்கேயே பிடுங்கியோ மடக்கியோ விட்டபின் அடுக்குவது இந்தக் காயத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. நீண்ட நாள் சர்க்கரை இருந்தால் பாதத்தின் நரம்புகள் உணர்விழக்கின்றன. அடி பலமாக இருந்தும் வலி சிறிதாகவே தெரியும். வலி இல்லை என்பதை நல்ல அறிகுறியாகக் கொண்டு மூன்று நாள் வேலை பார்த்து, நாற்றம் வந்தபின் மருத்துவமனைக்கு வருபவர்கள் விரலை இழக்கிறார்கள், சில வேளைகளில் பாதத்தையும். ஐம்பதைக் கடந்த ஆலைத் தொழிலாளர்களும் சமையல்காரர்களும் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவருக்குக் கால்விரலில் எந்தக் காயமும் அன்றே பார்க்கப்பட வேண்டிய காயம். பீடி, சிகரெட் பழக்கமும் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். காயம் ஆறும்வரையாவது நிறுத்த வேண்டும்.

எப்போது மீண்டும் வேலைக்குப் போகலாம்?

காயத்தின் தன்மையும் வேலையின் தன்மையும் சேர்ந்து இதை முடிவு செய்கின்றன. உட்கார்ந்து மரம் செதுக்குபவர் இரண்டு வாரத்தில் திரும்பலாம். மூட்டை சுமப்பவருக்கு அதே காயத்துக்கு இரண்டு மாதம் ஆகலாம். விரல் நீக்கப்பட்டிருந்தால் புண் ஆறியபின், பாதத்தின் முன்பகுதியில் எடை போட்டு நிற்கப் பழக வேண்டும். காலணிக்குள் வெற்றிடத்தை நிரப்பும் மெத்தென்ற திண்டு வைத்துக்கொண்டால் பாதம் முன்னே வழுக்காது. குளிரில் கூச்சம், இல்லாத விரலில் வலி, தழும்பில் மின்னதிர்வுபோன்ற வலி ஆகியவை கற்பனை அல்ல. நரம்புகள் குணமாகும் விதத்தால் வருபவை, மருந்தும் உண்டு. 'இன்னுமா வலிக்கிறது' என்று கேலி செய்யும் மேஸ்திரிக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இழப்பீடு எவ்வளவு? எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இதற்கு அடிப்படையாக இருந்துவந்தது. அதன் விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. எந்த விரல், எந்த அளவு இழப்பு என்பதற்கேற்ப, சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பு சதவீதமாக அட்டவணையில் தரப்பட்டுள்ளது. பெருவிரல் பாதத்தோடு சேரும் மூட்டுவரை போனால் 14 சதவீதம். எலும்பின் ஒரு பகுதியோடு நுனி மட்டும் போனால் 3 சதவீதம். வேறு ஒரு விரல் மூட்டுவரை போனால் 3, ஒரு பகுதி மட்டும் போனால் 1. பெருவிரல் தவிர்த்து ஒரே காலில் இரண்டு விரல் மூட்டுவரை போனால் 5, மூன்று போனால் 6, நான்கும் போனால் 9. ஒரு காலின் ஐந்து விரல்களும் மூட்டுவரை போனால் 20.

கணக்கு இப்படி வரும்: மாதக் கூலியில் 60 சதவீதத்தை, வயதுக்குரிய காரணியால் (சட்ட அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் தரப்பட்டுள்ள எண்) பெருக்கி, அதில் மேற்கண்ட சதவீதத்தை எடுக்க வேண்டும். கணக்கில் கொள்ளப்படும் மாதக் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 30 வயதுக்குரிய காரணி 207.98. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுத் தொழிலாளி பெருவிரலை மூட்டோடு இழந்தால், 9,000 ரூபாயை 207.98-ஆல் பெருக்க 18,71,820 ரூபாய். அதில் 14 சதவீதம் 2,62,054 ரூபாய் 80 காசு. இதைப் படிக்கும் முதலாளி ஒருவர் திடுக்கிடலாம். ஆனால் கையில் பத்தாயிரத்தைத் திணித்து ஊருக்கு அனுப்பிவைக்கப்பட்டவர் எதை இழந்தார் என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

விரல் போகாமல், முறிந்து விறைத்துப்போன மூட்டுக்கு அட்டவணையில் எண் இல்லை. தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட்டுத் தரும் சதவீதமே அதற்கு அடிப்படை. வேலை செய்ய முடியாமல் இருக்கும் நாட்களுக்கு, மாதக் கூலியில் 25 சதவீதம் அரைமாதத்துக்கு ஒருமுறை தரப்பட வேண்டும். முதல் மூன்று நாட்களுக்கு இது இல்லை, ஆனால் இயலாமை 28 நாட்களோ அதற்கு மேலோ நீடித்தால் முதல் நாளிலிருந்தே கணக்கிட வேண்டும். சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் முதலாளி ஈடுசெய்ய வேண்டும். மருந்துக் கடை இரசீது ஒன்றையும் தூக்கிப் போட வேண்டாம்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால்?

அப்போது முதலாளியிடம் அல்லாமல் இ.எஸ்.ஐ. கழகத்திடமே பயன் பெற வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. மாதம் 21,000 ரூபாய்வரை கூலி பெறுபவர்கள் இதில் வருவார்கள். பணியில் நேர்ந்த காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. இயலாமைக் காலத்துக்குக் கூலியில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைக்கும். நிரந்தர இழப்பை மருத்துவக் குழு மதிப்பிட்டு மாதாந்தரத் தொகையாகத் தரும். விபத்து அறிக்கையை முதலாளி உடனே அனுப்பினாரா என்று கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

'செருப்புப் போடாமல் நின்றது உன் தப்பு, உனக்கு ஒன்றும் கிடையாது' என்கிறார்கள். இது சரியா?

சரியல்ல. சாதாரணக் கவனக்குறைவு இழப்பீட்டு உரிமையைப் பறிப்பதில்லை. மது அல்லது போதைப்பொருளின் தாக்கத்தில் இருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாகத் தரப்பட்ட உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனம் என்று தெரிந்தே அதை வேண்டுமென்று அகற்றியது ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றாலேயே விபத்து நேர்ந்தது என்று நிறுவினால் மட்டும் முதலாளி தப்ப முடியும். காலணியே வாங்கித் தராத இடத்தில் காலணி அணியவில்லை என்று குற்றம் சொல்ல வழியில்லை. தினக்கூலி என்பதாலும், மேஸ்திரி மூலம் வந்தவர் என்பதாலும் உரிமை போய்விடாது. தன் தொழிலுக்குரிய வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்விக்கும் முதன்மை முதலாளியும் பொறுப்பாளியே. பணம் தந்து 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதி வாங்கிய தாளுக்கும் சட்டத்தில் மதிப்பு இல்லை.

இரும்பு மூடி வைத்த காலணி உண்மையிலேயே காப்பாற்றுமா? மூடி மடங்கி விரலை வெட்டிவிடும் என்கிறார்களே?

ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரத்தின் இரண்டாம் பகுதியில் வரும் பாதுகாப்புக் காலணியின் விரல்மூடி 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் (ஏறத்தாழ ஒன்றரை டன் எடை) அழுத்தத்தையும் தாங்க வேண்டும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது ஏறத்தாழ அந்த 200 ஜூல். கல், மூட்டையின் விளிம்பு, கேஸ் சிலிண்டர், சுத்தியல், இழைப்புளி எனப் பட்டறையில் அன்றாடம் கைநழுவும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள் அடங்கும். மூடியே மடங்கும் அளவுக்கு எடை விழுமானால், மூடி இல்லாத காலில் விரல் மிஞ்சியிருக்காது. வெட்டிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை.

அதே சமயம், 600 கிலோ கல்தூணுக்கு எந்தக் காலணியும் விடையல்ல. அங்கே விடை, செயின் பிளாக்கும் (சங்கிலியால் எடை தூக்கும் கருவி), சரியான உயரத்துக்கு முன்கூட்டியே வெட்டி வைத்த கட்டைகளும், உருளையைக் கையால் செருகாமல் நீளக் கோலால் தள்ளும் பழக்கமும், 'தூக்கு', 'நிறுத்து' என்று ஒருவர் மட்டும் குரல் கொடுக்கும் ஒழுங்கும்தான். நான்கு பேர் நான்கு குரல் கொடுக்கும் இடத்தில் விரல் போகும்.

நாள் முழுதும் ஈரத்தில் உட்கார்ந்து எழுந்து வேலை. ஷூ போட்டால் கால் ஊறிவிடுகிறது, என்ன செய்வது?

இது நியாயமான குறை. சித்திரை வெயிலில் தோல் ஷூவோடு வேலை செய்யச் சொல்லிவிட்டு, கழற்றியவரைத் திட்டுவதில் பயனில்லை. கல் பட்டறையில் எல்லா வேலைக்கும் ஷூ தேவையும் இல்லை. அச்சு ஊற்றும் இடத்தில் அமர்ந்திருப்பவருக்கு ஆபத்துக் குறைவு. தொட்டியில் இறக்குபவர், எடுப்பவர், அடுக்குபவர், வண்டியில் ஏற்றுபவர் ஆகியோருக்கே விரல்மூடி வேண்டும். அவர்களுக்கு விரல்மூடி உள்ள ரப்பர் கம்பூட் பொருந்தும். தண்ணீர் உள்ளே புகாது, கழுவிக் காயவைக்கவும் எளிது. பெண்களின் கால் அளவுக்கேற்ற எண் பார்த்து வாங்க வேண்டும். பெரிய அளவை எல்லோருக்கும் பொதுவாக வாங்கிப் போட்டால் அது தடுக்கிவிழவே உதவும். கல்லைப் பத்து பத்தாகச் சுமக்காமல், இடுப்பு உயரத்தில் ஒரு மேசை போட்டு, தொட்டிக்கும் அடுக்கும் இடத்துக்கும் நடுவே சிறு தள்ளுவண்டி வைத்துவிட்டால், காலணியைப் பற்றிய விவாதமே பாதியாகக் குறையும்.

சிறு பட்டறை நடத்துகிறேன். குறைந்தபட்சம் நான் என்ன வைத்திருக்க வேண்டும்?

கிருமியற்ற பஞ்சுத் துணி, கட்டுத்துணி, கையுறை, சோப்பு, சுத்தமான பிளாஸ்டிக் பைகள், கத்தரி ஆகியவை கொண்ட ஒரு பெட்டி, பூட்டாமல், எல்லோருக்கும் தெரிந்த இடத்தில். விபத்தை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு: தேதி, நேரம், பெயர், எப்படி நடந்தது, யார் பார்த்தது. தொழிற்சாலையாகப் பதிவு பெற்ற இடமென்றால், 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவரை வேலை செய்ய முடியாமல் ஆக்கிய விபத்தை அதிகாரிக்கு அறிவிப்பதும் கடமை. இ.எஸ்.ஐ.க்குள் வராத பட்டறையென்றால், தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு ஒன்றை எடுத்துவிட வேண்டும். மேலே கண்ட இரண்டரை இலட்சத்தை ஒரே மாதத்தில் கையிலிருந்து கொடுப்பதைவிட ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுவது எளிது.

முதலாளி தர மறுத்தால் எங்கே போவது? எவ்வளவு காலத்துக்குள்?

விபத்தை எழுத்து மூலம் கூடிய விரைவில் முதலாளிக்குத் தெரிவித்து, நகலையும் தபால் இரசீதையும் வைத்துக்கொள்ள வேண்டும். இழப்பீடு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தரப்படாவிட்டால் 12 சதவீத வட்டியும், நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் 50 சதவீதம்வரை அபராதமும் விதிக்கத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையருக்கு அதிகாரம் உண்டு. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் இணை ஆணையர், துணை ஆணையர் நிலையிலுள்ள அதிகாரிகள் இந்தப் பொறுப்பை வகிக்கிறார்கள். விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். கட்டுமானத்திலும் கல், மர வேலையிலும் உள்ளவர்கள் நலவாரியத்தில் பதிந்திருந்தால் அங்கும் விபத்து உதவிக்குத் தனியே விண்ணப்பிக்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாத தொழிலாளர்களுக்கும், வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். 15100 என்ற எண்ணில் அழைத்து விவரம் கேட்கலாம். மனுவோடு விபத்துப் பதிவேட்டின் நகல், எக்ஸ்ரே, மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கம் (டிஸ்சார்ஜ் சம்மரி), கூலி வாங்கியதைக் காட்டும் ஏதேனும் ஒரு சான்று, உடன் வேலை செய்தவர் ஒருவரின் வாக்குமூலம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். கூலிச் சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்கில் வந்த தொகையோ, ஜி-பே பதிவோ, மேஸ்திரியின் கணக்கு நோட்டின் படமோ கூடப் பயன்படும்.